கை நனைக்காமல் சுற்றிய தீவு

அந்தமானுக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் இண்டூர்ப் பக்கம் எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஒருவரும் நம்பவில்லை. மழையில்லாமல் ராகி கருகிக் கிடந்த வருஷம் அது. மேட்டூர் அணையைத் தவிரப் பெரிய தண்ணீர் எதையும் பார்த்திராத என் அப்பா கடல் தாண்டித் தீவு பார்க்கப் போகிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

உண்மை இதுதான். என் தங்கைக்கு மாப்பிள்ளை பேசியிருந்தோம். கடத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், எங்களைப் போலவே விவசாயம் பார்க்கும் கத்தோலிக்கர்கள். பையன் போர்ட் பிளேயரில் மர ஆலையில் கிளார்க். லீவில் வந்தபோது பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்த வாரமே தடை வந்துவிட்டது. அந்தமானில் வேலை செய்து திரும்பிய ஏரியூர்க்காரர் ஒருவர், அந்தப் பையனை ஒரு பொம்பளையோடும் குழந்தையோடும் பஜாரில் பார்த்ததாகச் சொன்னார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லையாம், வாராவாரமாம்.

எங்கள் பங்குச் சாமியார் அங்கிருந்த சாமியாருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். கோயில் புத்தகத்தில் அந்தப் பையனுக்குக் கல்யாணம் எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது.

"கோயில்ல கட்டுனவன் புத்தகத்துல இருப்பானுங்க சாமி. கட்டாம வச்சிருக்கறவன் எந்தப் புத்தகத்துல இருப்பான்?" என்று கேட்டார் அப்பா.

ஓலையை நிறுத்தி வைத்தார்கள். பையனின் பெற்றோர் வந்து, "எங்களுக்கு இருக்கறது ஒரே புள்ளைங்க. தங்கமான புள்ளைங்க" என்று ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். தங்கைக்கு அப்போது இருபத்தாறு வயது. ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை எங்கள் ஜனத்தில் அப்புறம் யாரும் தேடி வர மாட்டார்கள். அவள் தலைவலி என்று சொல்லி ஞாயிறு பூசைக்குப் போவதையே விட்டுவிட்டாள். அடுப்படியில் அவள் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்காது.

அம்மா இல்லாத வீடு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பொம்பளை ஒருத்தியும் போக வேண்டும், ஆம்பிளைக்கு அடுப்படி பார்க்கத் தெரியாது. நான் மூத்தவள், பள்ளிக்கூட டீச்சர், கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒன்றரை வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். நான் போன வீடு பக்கத்து ஊர்தான். தெரிந்த குடும்பம் என்று சொல்லி என் கல்யாணத்துக்கு யாரும் வீடு பார்க்கப் போகவில்லை. இந்த வீட்டை என் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். அப்பா முதல் நாள் முழுக்க வாந்தி எடுத்தார், இரண்டாம் நாள் ஜெபம் செய்தார், மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கொண்டுவந்த முறுக்கைத் தின்றார். அப்போதுதான் எனக்குச் சட்டம் சொன்னார். பெண் வீட்டார் வீடு பார்க்கப் போனால், மனசு ஒப்புகிற வரை மாப்பிள்ளை கையால் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் கை நனைத்துவிட்டார்கள், சம்மதம் என்று அர்த்தம். உள்ளூரில் இது சுலபம். "இருக்கட்டுங்க, இப்பதான் சாப்பிட்டோம்" என்று எழுந்து அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம். அந்தமானில் அடுத்த கப்பல் எட்டு நாள் கழித்து.

பையன் துறைமுகத்தில் காத்திருந்தான். கறுத்து மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. நாங்கள் கோயில் விடுதியில் தங்கினோம், ஹோட்டலில் சாப்பிட்டோம். அவன் லீவு போட்டுவிட்டுத் தினமும் காலையில் வந்து நின்றான். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவனும் வாயைத் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவான், சும்மா பார்த்துக்கொண்டே இருப்போம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். ஆக, ஊருக்குச் சொன்ன பொய்யை நிஜமாகவே நடத்திக் காட்ட வேண்டியதாயிற்று.

முதலில் செல்லுலார் ஜெயில். சுற்றிலும் கடல் இருந்தும், அறைக்குள்ளிருந்து பார்த்தால் கடல் தெரியாதபடி கட்டியிருந்தார்கள். அப்பா ஓர் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, "பக்கத்து ரூம்ல இருக்கறவன் மூஞ்சியக்கூடப் பாக்க முடியாதாட்டம் இருக்குதே" என்றார். பையன் ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினான். நான் சுவரைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீடு நடத்துகிறவனுக்கு ஏதோ தனி முகம் இருக்கும் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

மறுநாள் ராஸ் தீவு. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மாளிகைகளை மரத்தின் வேர்கள் அள்ளிப் பிடித்திருந்தன. கூரை இல்லாத ஒரு கோயிலைப் பார்த்து அப்பா, "இது நம்ம கோயில் இல்ல, வேற சபை" என்றார். சொல்லிவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டார். வெயிலில் நாக்கு வறண்டது. கடை எதுவும் கிடையாது. பையன் கீழே கிடந்த தேங்காயை உரித்து உடைத்து நீட்டினான்.

"இது யாரு தேங்கா?" என்றார் அப்பா.

"யாரோடதும் இல்லீங்க. தானா வுழுந்ததுங்க."

"வுழுந்தது தானா வுழுந்துச்சு. உரிச்சது நீங்களாச்சே" என்று சொல்லிவிட்டு, வேறொரு தேங்காயை எடுத்துக் கல்லில் மோதி மோதி உரிக்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் ஆயிற்று. உடைத்தபோது பாதித் தண்ணீர் மணலில் போயிற்று. மிச்சத்தை எனக்குக் கொடுத்தார். பையன் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடத்தில் அவனை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததே பயமாகவும் இருந்தது.

அன்று மாலை அவன் வீட்டைப் பார்த்தோம். இரண்டே அறை, மரச் சுவர், தகரக் கூரை. நான் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன். அலமாரியில் ஒரு ஜாடி இருந்தது. திறந்தேன். எங்கள் ஊர் மாங்காய் ஊறுகாய், கொட்டையோடு வெட்டிப் போட்டது. தனியாக இருக்கிற ஆம்பிளை ஊறுகாய் வாங்குவான், ஜாடி நிறையப் போடமாட்டான். ஜாடிக்குப் பின்னால் குழந்தையின் சிலேட் ஒன்று. ஜாடியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஊரில் தங்கை சத்தமில்லாமல் பாத்திரம் வைப்பதே கண்முன் வந்தது.

அடுத்த நாள் ஏற்கெனவே பேசி வைத்தபடி காட்டுக்குப் போனோம். படகு, பிறகு லாரி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மரங்கள். யானைகள் அவற்றைத் துண்டு துண்டாக இழுத்து வந்தன. போன கொஞ்ச நேரத்தில் காலில் அட்டை ஏறியது. ஓடை ஒன்று நுரைத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. அதைப் பார்த்த அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இத்தன தண்ணியும் சும்மா போவுதே. கேக்கறதுக்கு ஆளே இல்லையா?" என்று கரையோரமாகவே நடந்து போனார். அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் நான் பையனிடம் திரும்பினேன்.

"அந்த ஊறுகா யாரு போட்டது?"

அவன் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டான். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறனுங்க அக்கா. நான் வாயால சொல்ல மாட்டேன்னு எங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். காட்டமாட்டேன்னு பண்ணல" என்றான்.

அன்று எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் மேட்டில் இருந்த ஒரு சின்ன வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு குட்டிப் பெண் "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே ஒரு பெண் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். கடத்தூரில் சத்தியம் செய்துவிட்டுப் போன அந்தத் தாயின் முகம் அச்சு அசலாக அவளுக்கு இருந்தது.

"வாங்க, வாங்க. ஊருல மழை உண்டுங்களா?" என்றாள்.

அவள் பையனின் கூடப்பிறந்த அக்கா. தெலுங்கு பேசுகிற ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு இங்கே வந்துவிட்டவள். பெற்றோர் அவளைத் தலைமுழுகிவிட்டு, எங்களுக்கு ஒரே பிள்ளை என்று ஊருக்குச் சொல்லி வந்தார்கள். அவளை இல்லை என்று அடித்துச் சொன்னதால்தான் பஜாரில் தம்பியோடு போனவள் யார் என்று ஊருக்குத் தெரியவில்லை. மகளை மறைக்கப் போய் மகனுக்கு ஒரு வைப்பாட்டியை உண்டாக்கிவிட்டார்கள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நெஞ்சில் ஒரு மாதமாக அழுத்திக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. அங்கே வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். ஓடிப்போன பெண் இருக்கிற குடும்பம். ஊரில் என்ன பேசுவார்கள் என்று அவர் கணக்குப் போடுவதாக நான் நினைத்தேன். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"மீன் கொழம்பு வச்சிருக்கேனுங்க. எங்கூட்டுல கை நனைக்கக் கூடாதுன்னா பரவால்லீங்க. தம்பி வூட்டுலயாவது நனைச்சிட்டுப் போங்க. அவன் மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றாள்.

அப்பா சட்டைக் கையை மடித்தார். "தண்ணி கொண்டா ஆத்தா. கை கழுவோணும்" என்றார்.

மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனை நாள் பசியோ. சாப்பிட்டு முடித்ததும் அவளிடம், "கல்யாணத்துக்கு நீ புருசன், புள்ளையோட வந்து முன்னாடி நிக்கணும். வரமாட்டேன்னு சொன்னீன்னா மூணாவது ஓலைய நானே எந்திரிச்சு நிறுத்துவேன். உங்கப்பங்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பையன் முதல் தடவையாக "சரிங்க மாமா" என்றான்.

அங்கிருந்து நேராகத் தந்தி ஆபீஸ். இரண்டாவது ஓலையை வாசிக்கலாம் என்று எங்கள் சாமியாருக்குத் தந்தி கொடுத்தோம். அந்த ஞாயிறு பூசைக்குத் தங்கை போனாள் என்றும், முன் வரிசையில் உட்கார்ந்தாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். மிச்ச நாட்களில் நாங்கள் நிஜமாகவே ஊர் சுற்றினோம். அப்பா மாப்பிள்ளை உரித்த தேங்காய்களாகக் குடித்துத் தீர்த்தார்.

திரும்பும் கப்பலில் இரண்டாம் நாள் காலை அவருக்கு வாந்தி இல்லை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்தவன் எப்படிம்மா ஒரு புள்ளைய இல்லைன்னு சொல்லுவான்?" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நீ போன வூட்டுல உனக்கு என்னம்மா நடந்துச்சு?"

நான் பெட்டியோடு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சென்னை வர இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.