அப்பா டியூட்டிக்குப் போயிருக்கார்

போன வருடம் பிப்ரவரியில் ஆரம்பித்தது இது. அப்போது ஷார்ஜாவில், ரோலா பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தோம். என் கணவர் துபாய் அல் கூஸில் ஒரு ஏ.சி. ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன்.

கோயம்புத்தூரில் இருந்தபோதே நாங்கள் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டோம். அந்தச் சபையில் வயது வந்த பையன்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவார்கள். எந்த நாட்டுக்கு என்று சபைதான் சொல்லும். இடையில் வீட்டுக்கு வருவது கிடையாது. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, வீடியோவில் பேசலாம். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த எங்கள் ஒரே மகனுக்கு பிலிப்பைன்ஸ் என்று வந்தது. அன்று அவன் அப்பா ஒர்க்‌ஷாப் முழுக்க லட்டு கொடுத்தார்.

அவன் கிளம்ப மூன்று வாரம் இருந்தது. வயிற்று வலி தாங்காமல் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், நானும் கூடப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவே இல்லை.

“அம்மிணி, பையனுக்கு மட்டும் சொல்லிப்போடாதே. சொன்னா போகமாட்டான்.”

“எப்படீங்க மறைக்கறது?”

“முடிச்சுப்போட்டு வரட்டும். அதுவரைக்கும் நான் தாக்குப்பிடிப்பேன்.”

தாக்குப்பிடிக்க மாட்டார் என்று டாக்டர் முகத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. நான் ஷார்ஜாவுக்கு வந்த இரண்டாம் வருடம் ஊரில் என் அம்மா இறந்துபோனாள். தூரத்தில் இருப்பவர்கள் பதறுவார்களே என்று, இப்படிப்பட்ட சேதியை எல்லாம் முடிந்த பிறகு சொல்வதுதான் எங்கள் பக்கம் வழக்கம். எனக்கும் எட்டாம் நாள்தான் போன் வந்தது. என் அண்ணனிடம், “எங்கம்மா செத்ததை எனக்குச் சொல்ல நீ யாரு நாள் குறிக்கிறதுக்கு?” என்று கத்தினேன். நான் வாழ்க்கையில் கத்தியது அந்த ஒரு தடவைதான். அதே நான்தான் இப்போது தலையாட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை சபையில் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னக் கறுப்புப் பெயர்ப் பட்டை கொடுத்தார்கள். அதில் குடும்பப் பெயர்தான் போடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். அதனால் பட்டையில் இவர் பெயர் வந்துவிட்டது.

“பாத்தியா அம்மிணி, முப்பது வருசமா யூனிபார்ம்ல என் பேரை ஒருத்தனும் ஒழுங்கா தைக்கல. இவன் நெஞ்சுல எத்தனை அழகா எழுதியிருக்காங்க!” என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை ஏர்போர்ட்டில் மகன் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, “அப்பா, என்ன இவ்ளோ வெயிட் குறைஞ்சிட்டீங்க?” என்றான்.

“உங்கம்மா சமையல் லட்சணம் அப்படி.”

மூன்று பேரும் சிரித்தோம். சொல்வதாக இருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நானும்தான் சிரித்தேன்.

அதன் பிறகு திங்கட்கிழமைகள். முதலில் எழுந்து உட்கார முடிந்தது. ஒர்க்‌ஷாப் சட்டையை அவருக்குப் போட்டுவிடுவேன். டியூட்டிக்குப் புறப்படுகிறவர் மாதிரி இரண்டு நிமிடம் பேசுவார். போனை வைத்ததும் சட்டையைக் கழற்றிப் படுக்க வைப்பேன். அப்புறம் துபாய் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

“அப்பா எங்கம்மா?”

“டியூட்டிக்குப் போயிருக்கார் கண்ணு. வெயில் காலமில்ல, ஊரெல்லாம் ஏ.சி. ரிப்பேரு.”

“டூ மச்மா. ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.”

சபைத் தலைவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார், மகனுக்குத் தெரியப்படுத்துங்கள், வருவதா இருப்பதா என்று அவன் முடிவு செய்யட்டும் என்று. அவசரம் என்றால் எந்த நேரமும் கூப்பிட பிலிப்பைன்ஸ் சபை ஆபீஸ் நம்பரும் எழுதிக் கொடுத்தார். அதை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தேன். யாராவது எடுத்து இங்கிலீஷில் கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம். கூச்சம் என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். உடனே போன் போட்டுத் தருகிறேன் என்று சபைத் தலைவர் சொன்னார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன், நம்பிவிட்டார். வியாழக்கிழமை துபாயிலேயே அடக்கம் செய்தோம். திங்கட்கிழமை வரை எனக்கு வாய் வரவில்லை.

அன்று வீடியோவில் வெள்ளைச் சட்டை, டையோடு வந்து உட்கார்ந்தான். நான் சொன்னேன்.

“நான் கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியுமா?”

தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

“இங்க எல்லாரும் என்னை அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்கம்மா. தர்ஸ்டே கூட கூப்பிட்டாங்க. நீங்க அவரை மண்ணுல வச்சிட்டு இருந்திருக்கீங்க. நான் சிரிச்சிட்டே திரும்பிப் பார்த்திருக்கேன்.”

வா என்று கூப்பிட்டேன். “யாரைப் பாக்க வரணும்?” என்று கேட்டான். அங்கேயே இருந்துவிட்டான்.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததால் அவன் விசா போயிற்று. அவர் இல்லாததால் என் விசாவும் கேன்சல். கல்லறைக்கு ஒரு பூ வைக்கவும் எங்களில் யாரும் அந்த ஊரில் இல்லை. நான் கோயம்புத்தூரில் ஒற்றை அறையில் இருக்கிறேன்.

அவன் இன்னமும் திங்கட்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். கோபமாகப் பேசுவதில்லை, பேசினால்கூடத் தேவலை. “கேமராவைத் திருப்புங்கம்மா, ரூம் முழுக்கக் காட்டுங்க” என்பான். என் மாத்திரை அட்டையைக் கிட்டே கொண்டுவரச் சொல்வான். ரிப்போர்ட் காகிதத்தைப் பிடிக்கச் சொல்லிப் படித்துப் பார்ப்பான். எல்லாம் பார்த்த பிறகும், “நிஜமா வேற ஒண்ணும் இல்லையே?” என்று கேட்பான்.

இல்லை கண்ணு என்பேன். உண்மையைத்தான் சொல்கிறேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் சுவரோரம் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறான். என் மகன் என் வார்த்தையை நம்பியதெல்லாம், அப்பா டியூட்டிக்குப் போயிருக்கார் என்று நான் சொன்ன திங்கட்கிழமைகளோடு முடிந்துபோயிற்று என்று வாரா வாரம் எனக்குத் தெரிகிறது.