கை எட்டாத இடம்

கொசு கடித்தால் வருகிற அரிப்பு இல்லை இது. தோலில் ஒரு தடிப்பு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. உள்ளுக்குள் நமநமவென்று ஊறிக்கொண்டே இருக்கும். நான் முதுகைத் தேய்த்துத் தேய்த்தே காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸின் சுவர் மூலையெல்லாம் மழுங்கிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். முதலில் நானும் சிரித்தேன். பிறகு, தோலை உரித்துக் கொடியில் போட்டுவிட முடியாதா என்று அழ ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்த தோல் டாக்டர், சிரங்கு, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, குடும்பத்துக்கே கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொள்ள லோஷன் எழுதிக் கொடுத்தார். பூசிக்கொண்டோம். அரிப்பு போகவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகள்தான் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அதுவரை என் மேல் காலைப் போட்டுத் தூங்கியவள்.

அப்புறம் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. வேறொரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம், அரிப்பும் அதனால்தானாம், யாருக்கும் ஒட்டாதாம். மாத்திரை சாப்பிட்டால் மெல்லக் குறையுமாம். என்னிடம் வந்து மெல்ல என்கிறார்!

மகளிடம், "ஒட்டாதாம்டி" என்றேன். "ஹவ் மம்மி" என்று இந்த ஊர் இந்தியில் ஆமாம் சொல்லித் தலையாட்டினாள். தலையணை மட்டும் திரும்பி வரவில்லை.

ஒரு சாயங்காலம் நடுமுதுகில் பிடித்துக்கொண்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் அறை வாசலில் போய் முதுகைக் காட்டி நின்று, "சொறி, சொறி" என்று கெஞ்சினேன்.

புத்தகத்திலிருந்து நிமிராமலே சொன்னாள். "சாரி கைக்கு மம்மி? இட்ஸ் ஓகே."

இங்கேயே பிறந்து படித்த பிள்ளை, தமிழ் அரைகுறைதான். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்து, எதற்கு சாரி என்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்குப் புரிகிற இந்தியில், "பீட் குஜா, பேட்டா", முதுகைச் சொறிடி, என்றேன்.

எழுந்து வந்தாள். எனக்கு மனசே குளிர்ந்துவிட்டது. ஆனால் முதுகில் பட்டது விரல் இல்லை, பள்ளிக்கூட ஸ்கேல். கையை நன்றாக நீட்டி, தள்ளி நின்றுகொண்டு சொறிந்தாள்.

போதும், போ என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் மேலே என்று, அதையும் இந்தியிலேயே கேட்டேன்.