நாடா அனுப்பிய தோணி

பிள்ளைகளா, நீங்கள் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக் கணிப்பொறியை வேலை வாங்குகிறீர்கள். தினமும் தட்டுகிற கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மொத்தமாக ஓடவிடுகிறீர்கள். எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் அதைக் காகித நாடாவில் செய்தேன். அதில் ஒருவருடைய வயிற்றிலும் அடித்தேன்.

பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, தோணிகளில் கொழும்புக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில், இங்கே தட்டுவதைக் கம்பிவழி வெளியூரில் அச்சடிக்கும் டெலக்ஸ் மெஷினில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு. அறையில் இன்னொரு ஆபரேட்டர் இருந்தார், எனக்கு மூத்தவர். முதல் நாளே அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. எந்தச் சாவி எதற்கு என்று கேட்டால், “மெஷின்கிட்டயே கேளுலே, இங்கன நான் வாத்தியாரா?” என்பார். கையேட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வார்.

செய்தியைத் துளைகளாகப் பதித்து மெஷினில் ஓடவிடும் காகித நாடாக்களை அவர் கிழித்துப் போடுவார்; அவற்றைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கினேன். துளைகளையும் அவற்றுக்கு அச்சான எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எந்தத் துளை எந்த எழுத்து, எது அடுத்த வரிக்குப் போகச் சொல்வது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டது.

தோணி புறப்பட்டதும் அதன் பெயர், பதிவு எண், சரக்கு மூன்றையும் கொழும்புக்கு அடிக்க வேண்டும். பெயரும் எண்ணும் மாறாதவை. அவற்றை ஏன் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும்? ஒவ்வொரு தோணிப் பெயருக்கும் ஒரு நாடா துளைத்து ஆணியில் மாட்டினேன். சரக்குத் துண்டை மட்டும் அன்றன்று துளைத்து ஒட்டி ஓடவிட்டால், மெஷின் தானாக அடித்து முடித்தது. மேனேஜர் பாராட்டினார். மூத்தவர், “கை வெளங்காதவன் செய்ற வேல” என்றார்.

எங்கள் ஊர்த் தோணிகளுக்குப் புனிதர்கள் பெயர்தான். மாதாவின் பெயரில் மட்டும் மூன்று தோணிகள் இருந்தன. துறையில் யாருக்கும் குழப்பமில்லை, இன்னார் வீட்டுத் தோணி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஆணியில் மாதாவுக்கு ஒரே ஒரு நாடாதான் மாட்டியிருந்தேன்.

ஒரு நாள் வெங்காயம் ஏற்றிய மாதா தோணி கிளம்பியது. அந்த நாடாவை எடுத்து ஓடவிட்டேன். அதிலிருந்த எண், பழுது பார்க்கக் கரையில் ஏற்றி வைத்திருந்த வேறொரு மாதா தோணியுடையது. நான்காம் நாள் வெங்காயத் தோணியின் சொந்தக்காரர் படியேறி வந்தார்.

“எவம்லே அது, கரையில கெடக்குத தோணிய கொழும்புக்கு அனுப்பினவன்? நம்பர் சேரலன்னு கஸ்டம்ஸ்காரன் உள்ள விட மாட்டேங்கான். தோணி ஓட்டுத எந் தண்டலும் ஆளுவளும் தண்ணியிலயே நிக்காவ, வெங்காயம் அழுகி நாறுது!”

அவர் மேனேஜர் அறைக்குள் போனார். மூத்தவர் தலை நிமிரவில்லை. அன்று நாடா ஓடியபோது அவர் பக்கத்தில் நின்று அச்சைப் படித்துச் சிரித்தது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நம்பர் தப்புன்னு அன்னைக்கே பாத்தியளா?”

“பாத்தேன்.”

“ஒரு வார்த்த சொல்லலியே?”

“தானா அடிக்கும்னு பீத்துனியே. தானா திருத்தும்னு இருந்துட்டேன்.”

யார் அனுப்பியது என்று மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். மூத்தவரையும் இழுத்துவிட நாக்கு துடித்தது. ஆனால் துளைத்ததும் ஓட்டியதும் நான்தானே. “நான்தான் சார்” என்றேன். திருத்திய செய்தி கொழும்புக்குப் போய், மறுநாள் தோணியை உள்ளே விட்டார்கள். பாதி வெங்காயம் கடலுக்குப் போனது. என் ஆறு மாதத்தை மேனேஜர் முதல் நாளிலிருந்து திரும்ப எண்ணச் சொன்னார்.

அன்றே எல்லா நாடாவையும் எண்ணுக்கு முன்னால் வெட்டினேன். பெயர் ஓடி முடிந்ததும் மெஷின் நிற்கும். தோணியின் காகிதத்தைப் பார்த்து எண்ணை நானே தட்டுவேன். பிறகுதான் சரக்குத் துண்டு ஓடும்.

“என்னலே, பயந்துட்டியா?” என்றார் மூத்தவர்.

“ஆமா” என்றேன்.

வேலை நிரந்தரமானது. அதே அறையில் ஒன்பது வருடம் அவரோடு உட்கார்ந்தேன். அந்த “ஆமா”வுக்குப் பிறகு ஒரு சொல் பேசியதில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டார்கள். நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.