சின்னம்மா எழுந்து நின்ற பாட்டு

நாட்டுப்புறத்துப் பிரெஞ்சுக்காரர் என்றால் எங்கள் வீட்டில் ஒரு பயம் இருந்தது. கனடாவில் நாங்கள் இருந்த மொன்றியல் நகரைத் தாண்டினால் எங்களைப் போன்றவர்களைக் கண்டிராத சனம், தொப்பி போட்ட முரடர்கள், பழைய காலத்துப் புத்தி என்று அம்மா நம்பியிருந்தார். அப்படிப்பட்ட ஓர் ஊருக்குத்தான், எனக்கு எட்டு வயதாயிருந்த கோடையில், அப்பா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

டோர்வல் விமான நிலையத்தில் அப்பாவோடு பெட்டி ஏற்றுகிற வேலை செய்த ஒருவரின் சொந்த ஊர் அது. அங்கே கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாட்டுத் திருவிழா. தன் அக்கா பாடப்போகிறாள், கட்டாயம் வரவேண்டும் என்று அவர் கூப்பிட்டிருந்தார். லாசாலில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சின்னம்மாவும் சித்தப்பாவும்கூட வந்தார்கள். சித்தப்பா இல்லாமல் எங்களுக்கு எந்தப் பயணமும் களைகட்டாது. வழி முழுக்க அவர் இருக்கையில் துள்ளித் துள்ளிக் குதிரை ஓட்டிக் காட்டியதில், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. சின்னம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தேவாலயத்து மண்டபத்தில் அவித்த சோளம் கொடுத்தார்கள். கிழவர்களும் கிழவிகளும் சப்பாத்துத் தரையில் தட்டத் தட்ட வரிசையாக ஆடினார்கள். எங்கள் ஆட்களில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவள் நான்தான். குதிரை செத்துப்போன பாட்டு, டிராக்டர் பழுதான பாட்டு என்று ஒவ்வொன்றையும் பெருமையோடு மொழிபெயர்த்தேன்.

பிறகு அந்த அக்கா மேடைக்கு வந்தார். வந்தவுடன் பாடவில்லை. இது தன் அம்மாவுக்காக எழுதிய பாட்டு என்றார். தன் அப்பா அவரை அடிப்பார், ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றார். அதன் பின் அவர் கேட்டதை நான் வழக்கம்போல உரக்கச் சொன்னேன்.

"வீட்டிலை அடி வாங்கின பொம்பிளையளை எழும்பி நிக்கட்டாம்."

"கடவுளே! இதையெல்லாம் சபையிலை கேக்கிறதோ?" என்றார் அம்மா.

 முன்வரிசையில் ஊன்றுகோலோடு ஒரு கிழவி எழுந்தார். சோளம் பரிமாறிய பெண் அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் சிலர். ஆண்கள் தொப்பிகளைக் கழற்றி மடியில் வைத்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் கதிரை பின்னுக்கு அரக்கப்படும் சத்தம் கேட்டது. சின்னம்மா எழுந்து நின்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "சின்னம்மா, இருங்கோ. நீங்கள் பிழையாய் விளங்கிட்டியள்."

"சரியாத்தான் விளங்கினது, பிள்ளை. நீதானே சொன்னனீ."

"இரு. சனம் பாக்குது," என்றார் சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை.

சின்னம்மா உட்காரவில்லை.  அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கடித்த சோளத்தை மெல்லாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா விறுவிறென்று வெளியே போனார். பாட்டுத் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒரு தடித்த பெண் வந்து சின்னம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.

திரும்பி வரும்போது பின் இருக்கையில் அம்மா சின்னம்மாவின் தோளை விடாமல் அணைத்திருந்தார். சித்தப்பாவின் வாசலில் அப்பா காரை நிறுத்தினார்.

"நீர் இறங்கும். அவ எங்களோடை வாறா."

சித்தப்பா மட்டும் இறங்கினார். எனக்குக் கையசைத்தார், நானும் அசைத்தேன்.

சின்னம்மா என் அறையில் தங்கினார். நடந்தது எல்லாம் எனக்குத் தெளிவாகவே இருந்தது. அரைகுறைப் பிரெஞ்சால் அவர் சபையில் எழும்பி நின்றுவிட்டார், சித்தப்பாவுக்கு மானம் போய்விட்டது, அதனால் கோபம். ஆகவே ஒவ்வொரு நாளும் என் பள்ளிக்கூடப் புத்தகங்களை விரித்துச் சின்னம்மாவுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். அவரும் மறுக்காமல் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். சோர்ந்து நிறுத்தும்போதெல்லாம் நான் உற்சாகப்படுத்துவேன்.

"கெதியாப் படியுங்கோ, சின்னம்மா. வடிவாப் படிச்சால் சித்தப்பா வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடுவார்."