டாக்குத்தர் வோட்டுக் கேட்டு வந்த காலை

உரும்பிராயில் எங்கள் குடிசைக்குள் குனிந்து நுழைந்த முதல் பெரிய மனிதர் டாக்குத்தர்தான். தம்பி நெருப்புக்காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது எங்கள் தகப்பன், அப்பு, ஓடிப்போய்க் கூப்பிட, அந்த மனிதர் எங்கள் பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். பெரிய சாதிக்காரர் வேறு எவரும் எங்களைத் தொட்டதில்லை. தம்பி பிழைத்தான். அன்றுமுதல் அம்மாவுக்கு அவர் சாமிக்கும் ஒரு படி மேல். சாமி இருக்கிற கோயிலுக்குள்தான் எங்களை விடுவதில்லையே.

பிறகு அவர் கொழும்பில் சட்டம் போடுகிற அரசாங்க சபைக்குப் போட்டியிடுகிறார் என்று கதை வந்தது. ஊசி போடுகிறவர் அங்கே போய் யாருக்குப் போடப்போகிறார் என்று அப்புவைக் கேட்டேன்.

“அங்கை போனால் ஊருக்கெல்லாம் ஒரேயடியாய் மருந்து குடுக்கலாமாம்” என்றார். அவருக்கும் விளங்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பெண்களும் வோட்டுப் போடலாம் என்றார்கள். போட்டியிடுகிற ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி, டாக்குத்தருக்குப் பச்சை. அம்மா பத்து நாளாய் அடுப்பை ஊதிக்கொண்டே பச்சை, பச்சை என்று சொல்லிப் பழகினாள்.

ஒரு காலை அவருடைய கார் ஒழுங்கையில் வந்து நின்றது. கூட வந்த பெரிய சாதிக் கமக்காரர் இரண்டு பேரும் இறங்கவில்லை. டாக்குத்தர் மட்டும் முற்றத்துக்கு வந்து கைகூப்பினார். மருந்துப் பெட்டி இல்லாமல் அவரைக் கண்டதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வருத்தம் என்று சுற்றிப் பார்த்தேன்.

அப்பு பனையேறிக் கள்ளுச் சீவுகிறவர். எங்கள் வீடுகளில் பெரிய சாதிக்காரர் தண்ணீர் குடியார். இளநீர் குடிப்பார்கள், அது மரம் தருவதாம். அப்பு அவசரமாகத் தென்னையில் ஏறினார். டாக்குத்தருக்கோ வியர்த்து வழிந்தது. நான் ஓடிப்போய் அம்மாவின் சீதனச் செம்பில் தண்ணீர் அள்ளி வந்து நீட்டிவிட்டேன்.

அம்மா அசையவில்லை. டாக்குத்தர் செம்பை வாங்கினார். வாய்க்கருகில் கொண்டுபோனது போலத்தான் எனக்கு ஞாபகம்.

“டாக்குத்தர், இன்னும் நாலு வீடு கிடக்கு” என்றது காரிலிருந்து ஒரு குரல்.

அவர் காரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தத் தண்ணீரை ஊற்றி இரண்டு கையையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் கழுவினார். “கெட்டிக்காரப் பிள்ளை” என்று செம்பைத் திருப்பித் தந்தார். அப்பு சீவிக் கொடுத்த இளநீரை நின்றபடியே குடித்தார்.

“அப்ப தங்கச்சி, பச்சைப் பெட்டி. மறக்கப்படாது.”

“ஓம் ஐயா. எனக்கு நிறம் தெரியும்” என்றாள் அம்மா.

வோட்டு நாளில் அவள் கூறைச் சேலை உடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். திரும்பி வந்ததும், பச்சைதானே என்று அப்பு கேட்டார். போட்டாச்சு என்றுவிட்டுக் கூறையை மடித்து வைக்கப் போனாள்.

டாக்குத்தர் வென்றார். சந்தியில் சீனவெடி கொளுத்தினார்கள். அரசாங்க சபைக்குப் போகிறவர் என்ரை தண்ணியிலைதான் கை கழுவினவர் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். யாருக்குக் கிடைக்கும் அந்தப் பெருமை? வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததேயில்லை.

“பிள்ளைக்கு ஏன் அடிச்சனி?” என்று அப்பு பாய்ந்தார்.

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக் கன்னத்தைத் தடவினாள். “அது பிள்ளைக்கில்லை” என்றாள்.

நோவது என் கன்னம். அடி வேறு யாருக்கோவாம். விம்மிக்கொண்டே, டாக்குத்தர் கை கழுவிய முற்றத்தைப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை.