மீன் வராத ஐம்பத்திரண்டு நாள்

திரூர் புறவழிச்சாலையில் ஸைதலவியின் வொர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளில் பாதி ஸைதலவிக்காக வருவதில்லை. அவன் தங்கை ரம்லத்துக்காக வருகின்றன. இதைச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் இல்லையென்று அவனாலும் சாதிக்க முடியாது. இன்ஜினைக் கழற்றி மாட்டுவதில் அவன் கெட்டிக்காரன்தான். வண்டிக்குள் ஒளிந்திருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகள் மக்கர் பண்ணினால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரைக் கூப்பிடுங்க" என்று ஒதுங்கிவிடுவான்.

டீச்சர் என்று சும்மா கூப்பிடவில்லை. ரம்லத் ஒன்பது வருஷம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள். தற்காலிக வேலை என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டு, ஒரு நாள் வேண்டாம் என்றுவிட்டார்கள். "ரெண்டு வாரம் எனக்குக் கூடமாட இரு" என்றான் அண்ணன். அந்த ரெண்டு வாரம் பதினொரு வருஷமாகிறது. ஒரு பிளாஸ்டிக் மேஜை, ஒரு லேப்டாப், பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு மல்ட்டிமீட்டர், இவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். அங்கே வந்து யாராவது "மெஷின் சொல்லுது டீச்சர்" என்று ஆரம்பித்தால் போச்சு. "மெஷினுக்கு வாயி இருக்கு, கண்ணு இல்ல. போய் வயரைப் பாரு" என்று விரட்டிவிடுவாள்.

இந்தக் காரம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரின் வண்டி வந்தது. கியரைக் கட்டுப்படுத்தும் பெட்டி செத்துவிட்டது என்று மெஷின் காட்டியது. அவளும் அதையே சொன்னாள். புதுப்பெட்டி போட்டும் கோளாறு போகவில்லை. கடைசியில் பார்த்தால், பேட்டரிக்குக் கீழே உராய்ந்து தோல் உரிந்த ஒரே ஒரு வயர். ஆனால் அதற்குள் டாக்டர், முரட்டுத்தனமாக ஓட்டித்தான் பெட்டி செத்தது என்று தன் டிரைவர் குஞ்ஞுமோனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்ல ரம்லத் அவன் வீட்டுக்கே போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு மங்களூருக்குப் போய்விட்டான் என்றார்கள். அந்தப் பூட்டு இன்னும் அவள் நெஞ்சில் தொங்குகிறது. அன்றிலிருந்து, வண்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் அவள் ஒரு கம்பளத்தைக்கூடத் தூக்குவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை, பொன்னானி பாவா ஹாஜியின் வெள்ளை வண்டி வந்து நின்றது. அல் ஐனில் ஹோட்டல் நடத்தும் மகன் ஜம்ஷீர் வாப்பாவுக்கு வாங்கிக்கொடுத்த வண்டி. நம்ம ஊர்ச் சந்தில் திரும்பினால் இரண்டு பக்கத்துச் சுவரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு அகலம். அதிலிருந்து இறங்கிய டிரைவர் சுகுணன் சாவியை மேஜைமேல் வைத்தார். ஐம்பத்து மூன்று வயது மனுஷன், முகம் சுண்டிப்போயிருந்தது.

"டீச்சர், ஒளிக்காம சொல்லுங்க. கியர்பாக்ஸ நான்தான் கெடுத்தேனா?"

"டீ குடிச்சீங்களா, சுகுணேட்டா?"

"அது எதுக்கு இப்போ?"

"குடிச்சிட்டு வாங்க. இந்த மூஞ்சியோட பக்கத்துல நின்னா எனக்கு வேலை ஓடாது."

விஷயம் இதுதான். மார்ச்சிலிருந்து வண்டி திடீர் திடீரென்று மூன்றாம் கியரில் மாட்டிக்கொள்கிறது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கோழிக்கோட்டில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப், மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸையே மாற்றணும் என்று எழுதிக்கொடுத்துவிட்டது. ஜம்ஷீர் சும்மா இருப்பானா? குடும்ப வாட்ஸப் குரூப்பில், 'சுகுணன் ஓட்டின லட்சணம் இது' என்று போட்டுவிட்டான். திரூரிலும் அதையே சொன்னால் இன்றோடு கணக்கு முடிந்தது என்று வாப்பாவிடமும் சொல்லிவிட்டான். பதினொரு வருஷமாக அந்த வீட்டு வண்டிகளை முட்டை ஏற்றிய கூடை மாதிரி ஓட்டியவர் சுகுணன். கியர்பாக்ஸைத் தின்றவன் என்று பேர் வாங்கிவிட்டால் பொன்னானியில் எவன் அவர் கையில் சாவி கொடுப்பான்?

ரம்லத் லேப்டாப்பை மாட்டினாள். கியர் பெட்டியின் மூளையிடமிருந்து பதில் இல்லை என்றுதான் அதுவும் சொன்னது.

"கோழிக்கோட்டுக்காரன் சொன்னது சரிதானோ?" என்றான் ஸைதலவி.

"நான் ஃபோன் பண்றேன், நீ எடுக்கல. உடனே நீ செத்துட்டேன்னு மய்யித்துக் கட்டில் கொண்டான்னு பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்புவேனா?"

"நாக்கா இது! வாப்பா உன்னை வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்."

மீட்டரை எடுத்து அளந்தாள். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற இரண்டு செய்திக் கம்பிகளுக்கும் நடுவே அறுபது ஓம் இருக்க வேண்டும், இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினாள். ஒன்றும் அசையவில்லை. ஓட்டிப் பார்த்தார்கள், வண்டி வழவழவென்று ஓடியது. கோளாறு இருக்கிறபோது பிடித்துவிடலாம், ஒளிந்துகொள்கிற கோளாறுதான் உயிரை வாங்கும்.

மழைத்தண்ணீர் எங்காவது இறங்குகிறதோ என்று கூரைக்கு மேல் முக்கால் மணி நேரம் ஹோஸ் பிடித்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பிறகு மெஷினில் பதிவான தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். மார்ச், ஏப்ரல், மே, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஜூன் எட்டாம் தேதிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மறுபடி ஆகஸ்ட் மூன்றிலிருந்து அதே கதை.

"மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டின ரெண்டு மாசமும் நல்லா ஓடியிருக்கு. மழை விட்டதும் மக்கர் பண்ணுது. இது என்ன கூத்து?" என்று ஸைதலவி தலையைச் சொறிந்தான்.

சுகுணன் ஓரமாக உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டு மாசமும் நான்தானே டீச்சர் ஓட்டினேன். கரிப்பூர் ஏர்போர்ட்டுக்கே எட்டுத் தடவை போனேன்" என்றார். ரம்லத்துக்குக் குஞ்ஞுமோன் வீட்டுப் பூட்டு ஞாபகம் வந்தது. பயமாகவே இருந்தது.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். மீன் குழம்பு. ஸைதலவி ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஜூன் ஒம்பதுல போன நாக்கு இந்த மாசம்தான் திரும்பி வந்துச்சு. ஐம்பத்திரண்டு நாள் கருவாடு தின்னே செத்தேன்."

ரம்லத்தின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"என்ன தேதி சொன்னே?"

"ட்ராலிங் தடை வர்ற தேதி. விசைப்படகெல்லாம் கரையில கட்டிப்போடுவாங்களே, ஜூலை முடியற வரைக்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? அவள் எழுந்து கையைக் கழுவினாள். தாளை எடுத்துக்கொண்டு சுகுணனிடம் வந்தாள்.

"சுகுணேட்டா, வெடியக்காலைல வண்டிய யார் எடுக்கறா?"

"ஹாஜியார்தான். சுப்ஹு தொழுதுட்டு ஒரு சுத்துப் போயிட்டு வருவாரு. ஒம்பது மணிக்கு என் கையில சாவி வரும்."

"அப்போ வண்டிக்குள்ள வாசனை ஏதாவது?"

"அத்தர் வாசனை. ஊது அத்தர பாட்டிலோட கவுத்தாப்பல இருக்கும், மூச்சு முட்டும். நடுவுல ரெண்டு மாசம் அதுவும் இல்ல." சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். "ஏன் டீச்சர்?"

அவள் தாளை மடித்து வைத்தாள். ஹாஜிக்கு ஃபோன் போட்டாள். "நீங்க நேர்ல வரணும், ஹாஜியாரே. நீங்க நிக்காம நான் சீட்டைக் கழட்ட மாட்டேன்."

ஹாஜி ஆட்டோ பிடித்து வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி, எழுபது வயதிலும் நிமிர்ந்த முதுகு. ஜம்ஷீரும் வீடியோ காலில் வந்தான். அவன் பார்க்காமல் எதுவும் நடக்கக் கூடாதாம். ஸைதலவி பேட்டரியைப் பிரித்துவிட்டு இடப்பக்க முன்சீட்டைக் கழற்றினான். ரப்பர் மிதியடிக்குக் கீழே கம்பளம் காய்ந்துதான் இருந்தது. அதையும் தூக்கி அடியிலிருந்த பஞ்சை ரம்லத் அழுத்தினாள். சளக்கென்று தண்ணீர் வந்தது. விரலை மோந்தாள். அத்தரையும் மீறி வந்தது அந்த நாற்றம்.

பஞ்சுக்கு அடியில் கியரின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. அதன் வயர் சொருகுகிற வாய் முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி உப்பு பூத்திருந்தது. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு செம்பல்லி மீன் செதில். எட்டணாக் காசு அளவு.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்கு," என்றாள் ரம்லத் சத்தமாக. அதைச் சொல்லும்போதே அவள் நெஞ்சிலிருந்து பாதிச் சுமை இறங்கிவிட்டது. "மீன் வச்ச ஐஸ் தண்ணி. உப்புத்தண்ணி இறங்கறப்ப பெட்டி வாயை மூடிக்குது. காஞ்சா மறுபடி பேசுது. ஓட்டறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஃபோனில் ஜம்ஷீர் குதித்தான். "மீனா? என் வண்டியிலயா? அந்த ஆளு என் வண்டிய வச்சு மீன் யாவாரம் பண்றானா?"

சுகுணன் இல்லையென்று தலையை ஆட்டினார். ஹாஜி அந்தச் செதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். 'இந்த வண்டியில மீன் ஏத்தினா அப்புறம் பாருங்க' என்று மகன் சாவி கொடுத்த அன்றே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஆனால் பொன்னானியில் பிறந்த ஆம்பிளை, வீட்டு மீனை ஹார்பரில் தன் கண்ணால் பார்த்து, செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்து வாங்காமல் இன்னொருத்தனை அனுப்புவதா? அதைவிடத் தொப்பியைக் கழற்றித் தெருவில் எறியலாம். ரம்லத் அவரை ஒரு தடவை பார்த்தாள். இன்னும் ஒரு மூச்சு விடும் நேரம் பார்ப்பேன், அப்புறம் நானே சொல்லிவிடுவேன் என்று தீர்மானித்தாள். இன்னொரு வீட்டில் பூட்டுத் தொங்க அவள் விடப்போவதில்லை.

"நிறுத்துடா," என்றார் ஹாஜி. "மீன் என்னோடது."

"வாப்பா?"

"நான்தான் வாங்கினேன். பின்னாடி டிக்கியில வச்சா உன் உம்மா பாத்து உன்கிட்ட சொல்லிருவான்னு முன்சீட்டுல கால்கிட்ட வச்சேன். அத்தர் தெளிச்சேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கெடுத்த வண்டிக்கு இவன் அஞ்சு மாசமா பேச்சு வாங்கியிருக்கான். நானும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

ஹாஜி வீடியோ காலை நிறுத்திவிட்டு ஃபோனை ரம்லத்திடம் நீட்டினார்.

"மோளே, குரூப்புல பேசி அனுப்பறது எப்படி? எதை அமுக்கணும்?"

அவள் காட்டினாள். ஹாஜி தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிவாசல் மைக்கில் பேசுகிற தோரணையில் ஆரம்பித்தார். "எல்லாரும் கேளுங்க. வண்டிய ரிப்பேர் ஆக்கினது பாவா. மீன் தண்ணிய விட்டு ஆக்கினேன். சுகுணன் மேல ஒரு தப்பும் இல்ல. அவனைச் சொன்னவங்க எல்லாரும் அவன்கிட்ட மாப்புக் கேக்கணும், முதல்ல நான் கேக்கறேன்." விரலை எடுத்துவிட்டு, "போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சு, ஹாஜியாரே."

"அப்ப இவன் ஃபோனுக்கும் ஒண்ணு அனுப்பிவிடு."

சுகுணன் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது ஹாஜி மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "நாளைலேர்ந்து காலைல நீயும் வா. மீனைப் பின்னாடி மூடி போட்ட பெட்டியில வைப்போம். ஜம்ஷீர் உம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"அது உங்களால ஆகாது, ஹாஜியாரே," என்றார் சுகுணன். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜிதான் அதிகம் சிரித்தார்.

ரம்லத் வயர்முனைகளில் அரித்துப்போன உலோக முள்களை வெட்டிப் புதுசு போட்டாள். பெட்டியின் வாயைச் சுத்தம் செய்து, பஞ்சை வெயிலில் காயவைத்தாள். நான்கு மணிக்கு ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றைத் தாண்டி நான்கு, ஐந்து. ஸைதலவி ஜன்னல் வழியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ரம்லத்துக்கு வயிற்றில் பாலை வார்த்தது மாதிரி இருந்தது. அப்போதுதான் பசியும் தெரிந்தது. பாத்திரத்தைத் திறந்து, ஆறிப்போன குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள்.

வெளியே, வெள்ளை வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு சுகுணன் ஃபோனைக் காதருகே வைத்திருந்தார். வண்டிய ரிப்பேர் ஆக்கினது பாவா, என்று ஹாஜியின் குரல் மறுபடியும் ஆரம்பித்தது.

"சுகுணேட்டா, இது எத்தனாவது தடவை? பேட்டரி தீந்துரப் போகுது."

"தீரட்டும் டீச்சர்," என்றார் சுகுணன். "இன்னும் ஒரே ஒரு தடவை."