பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என் சிவிக்கில் ஏறினேன்

இன்றைக்கு, இங்கே டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில் நடந்த கார் சந்திப்பில் என் பழைய சிவிக் காரைக் கண்டேன்!

கண்ணால் கண்டது மட்டுமில்லை, ஓட்டியும் பார்த்தேன். வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன்கதை.

என் கணவருக்கு அமெரிக்கக் கார் பைத்தியம். எனக்கு ஜப்பான் கார் பைத்தியம். எங்களுக்குச் சாதகம் பொருந்தியது, கார்தான் பொருந்தவில்லை.

அவரிடம் அப்போதே ஒரு பழைய மஸ்டாங் இருந்தது. (இருந்தது என்றால், கராஜில் பத்துப் பெட்டிக்குள் இருந்தது.)

என்னிடம் சிவப்புச் சிவிக். ஹேர்னிங் நகரத் தையல் ஆலையில் மெஷினோடு மாரடித்து வாங்கியது. ஜப்பானிலிருந்து எக்ஸாஸ்ட் குழாய் எடுப்பித்தேன், ஸ்பிரிங் எடுப்பித்தேன், காரை நிலத்தோடு ஒட்டப் பதித்தேன். பூசைக்குக் கொண்டுபோனபோது எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த ஐயருக்கு டயரடியில் கைபோக இடமில்லை. அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, கார் குந்திக்கொண்டு நிக்குது?" என்று கேட்டா. கேட்டுவிட்டு டாஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையாரைப் பசை போட்டு ஒட்டினா. அவரும் கொஞ்சம் சரிந்துதான் இருந்தார்.

கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை என்றால் கார்ச் சண்டைதான்.

"காரெண்டால் அதின்ரை சத்தம் நெஞ்சிலை இடிக்கோணும்" என்பார் அவர்.

"இடிச்சு என்ன, சுற்றுவட்டத்திலை திரும்போணுமே" என்பேன் நான். (டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். இங்கே நேர் ரோட்டைவிடச் சுற்றுவட்டம்தான் கூட.)

நல்ல காலம் அது. சம்பளம் குறைவு, சிரிப்பு அதிகம்.

பிறகு மகள் பிறந்தாள். மாதம் நிறையாமல் பிறந்ததால் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்குப் போகும் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன், கார் நிறுத்துமிடத்தில் ஒரு சாம்பல் நிறக் குடும்பக் கார் நிற்கிறது.

"என்ரை கார் எங்கை?"

"குடுத்திட்டன். பிள்ளையோடை அதிலை போகேலாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு கதவுக் காருக்குள் பிள்ளை வண்டில் போகாது. பெட்டிக்குள் கிடந்த மஸ்டாங்கை யார் வாங்குவார்கள்? எல்லாம் சரி. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை அதற்குள் இருக்கவும் விடவில்லை.

இந்தப் பத்தொன்பது வருடமும் நான் காரைத் திருப்பிக் கேட்கவில்லை. "பிழைதான்" என்று ஒரு சொல் கேட்டேன். ஒவ்வொரு முறையும் வந்த பதில், "அப்பத்தைய நிலைமை அப்பிடி." மனிசன் அதற்கு மேல் அசையமாட்டார்.

சரி, இன்றைக்கு வருவோம்.

மஸ்டாங் பெட்டிகளை விட்டு வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதில்தான் போனோம். ஒரு பக்கம் அமெரிக்கக் கார்கள், மறுபக்கம் ஜப்பான் கார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் போல. அவர் தன் பக்கத்தில் பொனற்றைத் திறந்து, லைட்டெல்லாம் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுக்கத் தொடங்கினார். நான் என் பக்கம் நடந்தேன்.

மூன்றாவதாக ஒரு சிவப்புச் சிவிக். சும்மா உள்ளே எட்டிப் பார்த்தேன்.

டாஷ்போர்டில் பிள்ளையார். அதே சரிவு!

அப்படியே நின்று அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அடக்க முடியவில்லை. காரின் சொந்தக்காரி மெட்டே, குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் டேனிஷ் பெண், பயந்துபோய் எனக்குத் தண்ணீர் தந்தாள். கதையைச் சொன்னேன். இந்த யானையைக் கழற்ற மனம் வரவில்லை என்றாள். வாகனப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் தலையைத் தடவிவிட்டுத்தான் போவாளாம், இதுவரை ஒருமுறையும் தவறவில்லையாம். (பிள்ளையாரே, என்னிடம் இருந்தபோது மூன்று தரம் தவறியதே!)

பிறகு கார்த் திறப்பை என் கையில் வைத்து, ஓட்டிப் பாருங்கள் என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன்.

"இஞ்சேரும், கார் ஸ்டாட் வருகுதில்லை."

லைட்டை அணைக்க மறந்து பற்றரியை இறக்கிவிட்டார். இவ்வளவு நேரம் வகுப்பு எடுத்த ஆட்களிடம், இன்னொரு காரின் பற்றரியிலிருந்து மின் ஏற்றும் கேபிள் கேட்க மானம் விடவில்லை. மெட்டேயிடம் கேபிள் இருந்தது. சிவிக்கை நானே ஓட்டிக்கொண்டு போய் மஸ்டாங்கின் மூஞ்சிக்கு நேரே நிறுத்தினேன்.

மனிசன் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு கேபிளைப் பூட்டினார்.

ஐந்து நிமிடம் என் சிவிக்கின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் திறப்பைத் திருப்ப, மஸ்டாங் இடி முழங்கினது போல எழும்பியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

கேபிளைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னவோ சொன்னார். அந்தச் சத்தத்தில் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"என்ன சொன்னனீங்கள்? கேக்கேல்லை."

திரும்பச் சொன்னார். திரும்பவும் கேட்கவில்லை.

பற்றரி இன்னும் ஏறவில்லை, நிறுத்தினால் திரும்ப எழும்பாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"உம்மட்டைக் கேக்காமல் குடுத்தது பிழைதான், வாசுகி."

நான் கேபிளைத் திரும்பவும் பூட்டினேன்.

உங்கள் வீட்டிலும் சொல்லிக்கொள்ளாமல் போன கார் ஒன்று இருக்கிறதா? கீழே எழுதுங்கள்.